சாப்பாடு வந்ததும் நின்றுபோன கேள்வி

ரூபன்,

நீ மணலி புதுநகரில் உன் நண்பன் அறையில் தங்கியிருப்பதாக அப்பா சொன்னார். போன் செய்தால் எடுக்க மாட்டாய். எடுத்தாலும், "முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு" என்பாய். வாட்ஸப்பில் அனுப்பினால் பாதியில் மூடிவிடுவாய். காகிதத்தை மூடினாலும் அது கட்டில்மேல் கிடக்கும். எப்போதாவது எடுப்பாய். அதனால் காகிதம்.

உன் நிபந்தனையை முதலில் எழுதிவிடுகிறேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. உன் கல்யாணப் பூசையில், எல்லாரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில், நான் ஜெயசீலன் பக்கம் திரும்பிக் கைகூப்ப வேண்டும். கோயிலே பார்க்க. முடியாது என்றால் கோயிலுக்கு வரக் கூடாது. ஜெயசீலன் ஷீபாவின் தாய்மாமன். அப்பா இல்லாத பெண்ணைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர். அன்று அவளை நடுவழியாக அழைத்து வந்து உன் கையில் கொடுக்கப்போகிறவர். உன் அப்பா வண்டி ஓட்டிய கண்டெய்னர் யார்டின் மேனேஜர். நான்கும் ஒரே ஆள். நீ முதல் மூன்றைப் பார்க்கிறாய். என் கண்ணுக்கு நான்காவதுதான் தெரிகிறது.

கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்துவிட்டார்கள். நீ வாசல் ஓரம் கடைசியில் நின்றாய், பார்த்தேன். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஃபாதர் வாசித்தபோது, என் பெஞ்சில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜெபப் புத்தகத்தில் பக்கம் தேடினேன். எனக்குத் தடை இல்லை, ரூபன். ஷீபாவை எனக்குப் பிடித்திருக்கிறது. உன் நிபந்தனைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு நீ என் மடியில் உட்கார்ந்து க்ரீம் பிஸ்கட்டைப் பிரித்து நக்கிக்கொண்டிருந்த ஒரு பகலுக்குப் போக வேண்டும்.

திருவொற்றியூர் யார்டில் பாதுகாப்பு நாள். தொழிலாளர் குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கி. பின்னால் கண்டெய்னர்கள் அடுக்கடுக்காக. அவற்றைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டிகளை அன்றைக்கு மட்டும் கழுவி நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒன்று அப்பாவுடையது. நம் வீட்டை விட உயரம். பின்னால் எடுக்கும்போது ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. இப்போது கேமரா இருக்கிறது, அப்போது ஆள்தான். வண்டிக்கு ஒரு சிக்னல்மேன், அவன் வாயில் ஒரு விசில். ஊதினால் பின்னால் வரலாம். ஊதாவிட்டால் அசையக் கூடாது. அப்பாவின் சிக்னல்மேன் குமார். காசிமேட்டுக்காரன். விசைப்படகை விட்டு யார்டுக்கு வந்தவன். அப்பா வாழ்க்கையில் தோஸ்து என்று ஒருவனைத்தான் சொல்லியிருக்கிறார்.

பயிற்சி எடுக்க ஒரு அம்மையார் வந்திருந்தார். வெள்ளைப் பலகையில் ஒரு கேள்வி எழுதினார். விபத்தை எப்படித் தடுப்பது? முன்வரிசையில் ஜெயசீலன் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர் அவரைப் பார்த்துக்கொண்டே, "ஹெல்மெட் போடணும் மேடம்" என்றார். அந்த அம்மையார் கேள்வியை அழித்துவிட்டு இன்னொன்றை எழுதினார். இந்த யார்டில் ஒருத்தர் கட்டாயம் சாக வேண்டும் என்றால் என்னென்ன செய்ய வேண்டும்? "எவ்வளவு மோசமா சொல்றீங்களோ அவ்வளவு நல்லது. வெக்கப்படாதீங்க" என்றார். பந்தலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அப்புறம் மளமளவென்று வந்தது.

"மய நாள்ல லைட்ட அமத்திடணும் மேடம்."

"டிரைவருக்கு ரெண்டு ஷிப்டு சேத்து குடுக்கணும். சீட்லயே தூங்கிடுவான்."

"கேன்டீன் சாம்பார ஊத்துங்க மேடம். வண்டியே தேவல."

குமார் எழுந்து நின்றான். கழுத்தில் விசில் கயிறு. "எனுக்கு ஒரே ஒரு பிகில குடுத்து, ரெண்டு வண்டியும் நீயே பாத்துக்கடான்னு சொல்லுங்க மேடம். எந்தப் பிகிலு எந்த வண்டிக்குன்னு அவுங்களுக்கும் தெரியாது, எனுக்கும் தெரியாது. எவனாவது ஒருத்தன் காலி."

ஜெயசீலன் தொடையில் தட்டிச் சிரித்தார். "டேய் குமாரு, மூணாவது வண்டியும் நானே தரேன்டா!"

எல்லாரும் சிரித்தோம். நானும். நீ ஏனென்று தெரியாமலே சிரித்தாய்.

இந்த முறையை இப்போது நான் மணலியிலும் எண்ணூரிலும் ஆலை ஆலையாகப் போய்ச் சொல்லித்தருகிறேன். அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய். ஆனாலும் நீ என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் எழுதுகிறேன். முதலில் பிரச்சினையை நேராக எழுது. அடுத்து அதைத் தலைகீழாக்கு. மூன்றாவது, வருகிற கெட்ட யோசனை எல்லாவற்றையும் தடுக்காமல் வாங்கிக்கொள். நேராகக் கேட்டால் மனிதர்கள் தங்களைக் காப்பாற்றும் பதிலைத் தருவார்கள். தலைகீழாகக் கேட்டால் விளையாட்டு என்று நினைத்து உண்மையைக் கொட்டிவிடுவார்கள். ஐந்தாவது படியில், வந்த ஒவ்வொன்றையும் திருப்பிப்போட்டு வழி கண்டுபிடிக்க வேண்டும். நான்காவதை வேண்டுமென்றே விட்டேன். அதுதான் சிரிப்பு நிற்கிற இடம். பலகையைக் காட்டி ஒரே ஒரு கேள்வி: இதில் எதை நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம்?

அன்று அந்த அம்மையார் நான்காவது படிக்குத் திரும்பினார். மார்க்கரின் நிறத்தைக்கூட மாற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்து பிரியாணி அண்டா இறங்கியது. ஜெயசீலன் எழுந்து கைதட்டினார். "சூப்பர் மேடம். சாப்பாடு ஆறிடும். மீதிய அப்பால பாத்துக்கலாம்." நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அந்த அம்மையார் கொஞ்ச நேரம் மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மூடினார். அப்பால என்பது வரவேயில்லை.

அடுத்த மழைக்காலத்தில் குமார் செத்தான். பக்கத்து வண்டிக்கு ஊதப்பட்ட விசிலைத் தனக்கென்று நினைத்து அப்பா பின்னால் எடுத்தார். அங்கே ஊதிவிட்டு அப்பாவின் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தான் குமார். அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத என்னிடம் வார்த்தை இருக்கிறது, எழுதமாட்டேன்.

விசாரணையில் ஜெயசீலன் வெள்ளைச் சட்டையில் வந்தார். குமாரை யாரும் பக்கத்து வண்டிக்கு அனுப்பவில்லை, அவனாகத்தான் போனான் என்றார். ஓட்டுநர் பார்க்காமல் எடுத்தார் என்றார். அதோடு விடவில்லை. பாதுகாப்பு நாளில் இந்த ஆபத்தை எல்லாம் இவர்களே எழுந்து சொன்னார்கள், தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது என்றார். குமாரின் நகைச்சுவையை எடுத்து உன் அப்பாவின் கழுத்தில் கட்டினார். அதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே. வருத்தமாகச் சொன்னார். பக்கத்து வண்டிக்காரர் ஒப்பந்த ஆள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அனுப்பினார்களா, தானாகப் போனானா என்று சொல்ல வேண்டியவன் மண்ணுக்குள் இருந்தான். அப்பாவுக்கும் தெரியாது. தன் விசில் ஏன் வேறு பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாமலே வேலையை விட்டு அனுப்பப்பட்டார்.

அதற்குப் பிறகு உள்ள அப்பாவைத்தான் உனக்குத் தெரியும். பேசின் பிரிட்ஜ் கிடங்கில் வாட்ச்மேன். எங்கேயும் நடந்தே போகிறவர். சிக்னலில் போலீஸ்காரர் விசில் ஊதினால் நடுரோட்டில் அப்படியே நின்றுவிடுவார், பின்னால் ஆட்டோக்காரன் கத்துவான். நீ ஒருமுறை அவர் கையைப் பிடித்து இழுத்து, "இன்னாபா நீ, பேஜாரு பண்ற" என்றாய். அவர் சிரித்தார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது அவர்தான். "வுடுமே. அவனாவது ஒயுங்கா சிரிக்கட்டும்" என்றார்.

குமாரின் மனைவி தேவகி காசிமேட்டில் மீன் விற்கிறாள். ஒருமுறை அவள் கூடைக்கு முன்னால் போய் நின்றேன். கூடை நிறைய சங்கரா. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உனுக்கு இங்க மீனு இல்ல" என்றாள். கத்தவில்லை. ஈரக் கோணியை எடுத்துக் கூடைமேல் போட்டாள். அந்தக் கோணியை அவள் ஜெயசீலன் முன்னால் போட்டிருக்க வேண்டும். அன்று வீட்டுக்கு வரும் வழியில் முடிவு செய்தேன்.

நியாயம் கிடைக்க என்ன செய்யலாம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது நேரான கேள்வி, அதற்குப் பதில் இல்லை. ஜெயசீலன் கடைசிவரை நிம்மதியாக இருக்க வேண்டும் என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? அப்படிக் கேட்டேன். பதில் கொட்டியது. ராயபுரத்தை விட்டுப் போய்விட வேண்டும். வேறு கோயிலுக்கு மாறிக்கொள்ள வேண்டும். எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். நாளாக ஆகக் கொஞ்சம் சிரிக்கவும் தொடங்க வேண்டும். என் மகனுக்கு எதையும் சொல்லாமல் வளர்க்க வேண்டும். கடைசி ஒன்றை அப்பாவுக்காக விட்டேன். மற்ற எல்லாவற்றையும் திருப்பிப்போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் ஜெயசீலன் பெஞ்சுக்கு நேர் பின்பெஞ்சு. அவர், அவர் மனைவி, அவர் தங்கை, தங்கை மகள். பின்னால் நானும் நீயும். நம் கோயிலில் யாருக்கும் எழுதிவைத்த இடம் இல்லை, யாரும் தடுக்க முடியாது. பூசை முழுக்க அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முடி வெட்டியது தெரியும். நரை ஏறியது தெரியும். சமாதான நேரத்தில் எல்லாரும் முன்னும் பின்னும் திரும்பிக் கைகூப்புவார்கள் இல்லையா. அவர் திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பினால் நான் இருப்பேன். கைகள் இரண்டும் பக்கவாட்டில். முகத்தில் ஒன்றும் இருக்காது. அவர் கூப்பிய கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். பிறகு பக்கத்தில் இருக்கிற யாருக்கோ போகும்.

அவர் ஆறு மணிப் பூசைக்கு மாறினார். நானும் மாறினேன். உன்னைத் தூக்கத்தோடு இழுத்துக்கொண்டு போனேன். தூண் மறைவுக்குப் போனார். நானும் போனேன். மீன்காரத் தெரு ரோஸ்மேரி அக்கா ஒருநாள் வாசலில் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, அவ்ளோ பெரிய கோயில்ல உனுக்கு வேற பெஞ்சே கெடைக்கலியா?"

"இங்கதான்க்கா காத்து வருது."

"காத்தா? ஃபேனே ஓடல."

"எனுக்கு வருது."

அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ரூபன். வீட்டை விட்டுப் போகும்போது நீ கேட்டாயே, எப்படி இத்தனை காலம் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாய் என்று. வைத்துக்கொள்வது கஷ்டமாக இல்லை. வாரம் முழுக்க அந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருப்பேன். வேதாகம வாசகம் எனக்குக் காதில் விழுந்ததில்லை. நான் செபிக்கப் போகவில்லை.

ஆனால் அந்தப் பெஞ்சில் நான் மட்டும் இல்லை. உனக்கு எட்டோ ஒன்பதோ வயது. என் முந்தானையை இழுத்து, "ம்மா, அந்தப் பொண்ணு ரிப்பன் அவுந்துகினே போவுது, சொல்லட்டா?" என்றாய். சும்மா இரு என்று உன் தொடையில் கிள்ளினேன். நான் மாமனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை ஞாயிறும் நீ மருமகளின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அவள் சமாதானத்துக்குத் திரும்பும்போது நீ கைகூப்பியிருக்கிறாய். நான் அதைக் கவனிக்கவில்லை. என் கண் வேறு இடத்தில் இருந்தது. நீ வேலைக்குப் போன பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஷீபாவ கட்டிக்கலாம்னு இருக்கேம்மா" என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. ஆலையில் வகுப்பெடுக்கும் பழக்கம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேனே என்று தோன்றியது. அந்த ஆளின் குடும்பம் என் வீட்டுக்குள் வர வேண்டும் என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? ஞாயிறு தவறாமல் என் மகனைக் கொண்டுபோய் அவர்கள் பின்னால் உட்கார வைக்க வேண்டும். இதைவிடக் கச்சிதமாக யாரும் செய்திருக்க முடியாது.

நான் மறுக்கவில்லை. நீ அதைக் கவனித்திருக்க வேண்டும். சரி, வீட்டுக்கு வரச் சொல் என்றேன். நீ அதை முழுச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். என் முகத்தில் இருந்ததைப் படிக்க முடியாமல் போனதற்கு நான் பொறுப்பில்லை.

அவர்கள் வந்த பகலை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ அதை ஒரு மாதிரி பார்த்தாய், நான் பார்த்தது வேறு. அப்பா விடியலில் போய் வஞ்சிரம் வாங்கி வந்திருந்தார். ஜெயசீலன் தட்டில் பழத்தோடு வந்தார். ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் உடம்பு வைத்திருந்தது. முதல் முறையாக அவர் முகத்தை நேராக, வெளிச்சத்தில், என் வீட்டுச் சுவருக்கு எதிரில் பார்த்தேன். பேச்சு நன்றாகத்தான் போனது. மண்டபம், கேக், பேண்டு. பிறகு அவரே தொடங்கினார். "இன்னாம்மா, இன்னும் கம்பெனிங்கள்ள க்ளாஸு எடுத்துகினுதான் கீறியா? அதான், அந்தத் தலகீய் கேள்வி?"

"ஆமா சார். இப்பகூட வெளயாடலாம். இந்தக் கல்யாணம் நின்னுபோவணும்னா இன்னா இன்னா பண்ணணும், சொல்லுங்க."

ஷீபாவின் அம்மா, "அய்யோ, நல்ல வார்த்த சொல்லுங்க" என்றார். ஆனால் ஷீபா சிரித்துவிட்டாள். "மாப்ளைக்கு மொட்ட போட்டு வுட்டுடணும் அத்த" என்றாள். நீ, "ஃபாதர ராத்திரி தூங்கவுடாம பண்ணணும், ஓலையில பேர மாத்திப் படிச்சிடுவாரு" என்றாய். அப்பாகூட, "பேண்டு செட்டுக்காரனுக்கு காலைலயே ஊத்திவுட்டா முடிஞ்சிது" என்றார். ஜெயசீலன் வயிறு குலுங்கச் சிரித்தார். "பிரியாணில உப்ப கொட்டணும்! அத்தவுட பெரிய கொல இன்னா கீது?" என்றார். எல்லாருக்கும் வாய் திறந்திருந்தது. அப்போது கேட்டேன்.

"யார்டுல ஒரு ஆளு கட்டாயம் சாகணும்னா இன்னா பண்ணணும் சார்?"

"ஏம்மே" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

ஜெயசீலனின் சிரிப்பு முகத்திலிருந்து உடனே இறங்கவில்லை. "நல்ல நாள்ல இன்னாம்மா இது."

"வெளயாட்டுதான் சார். குமாரு அன்னிக்கு ஒண்ணு சொன்னானே, நீங்ககூட சிரிச்சீங்க. ஒரு பிகிலு, ரெண்டு வண்டி."

"அவன் பாட்டுக்கு அவன் போனான். அதுக்கு யாரு இன்னா பண்றது?"

"அவனா போனா எப்பியோ ஒருவாட்டிதான் போவான் சார். நான் கேக்குறது கட்டாயம் சாவறதுக்கு. யாராவது போவச் சொல்லணும்ல?"

"போவச் சொல்லாம?" குரல் ஏறியது. "எண்ணூர் ரோடு முழுக்க ட்ரைலரு நிக்குது. ஹெட் ஆபீஸ்லேர்ந்து போன் மேல போனு. இன்னொரு சிக்னல்மேனு லீவு. வண்டிய நிறுத்தி வெச்சிகினு பூ பறிக்கச் சொல்றியா? 'டேய், ரெண்டயும் நீயே பாத்துக்கடா'ன்னுதான் சொன்னேன். எந்த யார்டுல சொல்லல? ஊர்ல நான் ஒருத்தன்தான் சொன்னனா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அது முகத்தில் தெரிந்தது. எத்தனையோ ஞாயிறு அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தில் இப்படி ஒன்று வரும் என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

ஷீபா கேட்டாள். "யாரு மாமா குமாரு?"

அப்பா எழுந்து பின்பக்கக் குழாய்க்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "சார், சாப்டுட்டு போங்க. வஞ்சிரம் உங்களுக்கோசரம்தான் வாங்கினேன்" என்றார். ஜெயசீலன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காலில் போட்டுக்கொண்ட பிறகும் தேடினார். அவர்கள் போனார்கள். நீ கத்தினாய். நல்ல காரியத்தைக் கோர்ட்டாக்கிவிட்டேன், வயசானவரை வீட்டுக்குக் கூப்பிட்டு அடித்தேன் என்றாய். நிபந்தனையைச் சொன்னாய். பையைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது. இரண்டு துண்டு மீன் போட்டுக்கொண்டேன்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏம்மே. அப்ப அவன் என்னான்டதான் ஓடியாந்துகினு இருந்தானா?"

"ஆமா."

"எனுக்கு ஊதத்தான் ஓடியாந்தானா?"

"ஆமா."

"என்ன வுட்டுட்டு அவன் வண்டிக்குப் போய்ட்டான்னு நெனச்சிகினு கீறேன்மே. இத்தினி நாளா. என் பக்கத்துல நிக்காம இன்னாத்துக்குடா போனன்னு தெனம் அவனத் திட்டிகினு கீறேன்."

அப்புறம் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. குமார் செத்த அன்றுகூட இல்லை. ஜெயசீலன் அந்த விசாரணையில் திருடியது வேலையை மட்டும் என்று நினைத்திருந்தேன். செத்தவனையும் திருடியிருந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கோபம் குறையவில்லை. அதற்கு இப்போதுதான் ஒரு சரியான முகவரி கிடைத்திருக்கிறது.

நீ என்னிடம் கேட்டது ஒரு சைகை. கையைத் தூக்கினால் போதும், ஒரு நொடி வேலை. அதை வைத்து நீ போன இரவு முதல் யோசித்தேன். என் மகன் இனி என்னை ஒருநாளும் நம்பக் கூடாது என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? உன் கல்யாணத்துக்கு வராமல் இருக்க வேண்டும். வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஷீபா என்ன செய்தாலும் அவள் மாமனை நினைத்துக்கொண்டே அவளைப் பார்க்க வேண்டும். உன் வாழ்க்கையை என் கணக்கைத் தீர்க்கும் இடமாக வைத்துக்கொள்ள வேண்டும். மனசில் ஒன்றும் இல்லாமல் கோயில் நடுவில் கைகூப்ப வேண்டும். நான்காவது படியை நான் விட்டுவிடவில்லை. இதில் எதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறேன்? ஒன்றைச் செய்துவிட்டேன், உன் நல்ல நாளை எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பித் தர முடியாது. தந்திருக்கவும் மாட்டேன். ஆனால் கடைசியில் உள்ளதைச் செய்யப்போவதில்லை. நீ கேட்டதற்காகப் பொய்யாகக் கைகூப்பினால், பிறகு நான் உனக்காகச் செய்கிற எதுவும் மெய்யா என்று நீ யோசிப்பாய். ஷீபாவும் யோசிப்பாள். அவள் கேட்கிற பெண், அன்றே பார்த்தேன்.

கல்யாணம் ஆகிறவனுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். சந்தோஷமாக வாழ்வது எப்படி என்று இருவரும் உட்கார்ந்து பேசாதீர்கள், ஹெல்மெட் போடணும் என்பது மாதிரி பதில்தான் வரும். இவள் என்னை விட்டுப் போக வேண்டும் என்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேள். அவளையும் கேட்கச் சொல். சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு எழுந்து சாப்பிடப் போய்விடாதே. சாப்பாடு ஆறட்டும்.

இனி என் பதில். நான் கோயிலுக்கு வருவேன். நீ தடுத்தாலும் வருவேன், அது உன் கோயில் மட்டும் இல்லை. ஜெயசீலனுக்கு நான் கைகூப்புவேனா என்பது என் கையில் இல்லை. அது தேவகி கையில் இருக்கிறது. அவரிடமிருந்து முதல் சமாதானம் வர வேண்டியது அவளுக்கு. எனக்கு இல்லை, அப்பாவுக்குக்கூட இல்லை. தன் புருஷன் தன் வேலையை விட்டுவிட்டு எங்கோ போனதால் செத்தான் என்றும், அவன் தோஸ்து பார்க்காமல் ஏற்றினான் என்றும் நம்பிக்கொண்டு அவள் இன்றும் காசிமேட்டில் மீன் விற்கிறாள். நான் போய்ச் சொன்னால், உன் புருஷனைக் காப்பாற்ற வந்திருக்கிறாய் என்பாள். கோணியை எடுத்துப் போடுவாள். அப்பா போனால் அவரால் பேச முடியாது. ஜெயசீலன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் காதால் கேட்டவன் நீ. அவர் வீட்டு மாப்பிள்ளையும் நீ. உனக்கு இதில் லாபம் எதுவும் இல்லை, நஷ்டம்தான். அதனால் உன்னை நம்புவாள்.

ஆகவே இது என் நிபந்தனை. நீ உன்னுடையதை வைத்தாய், நான் என்னுடையதை வைக்கிறேன். இரண்டாவது ஓலைக்கு முன்னால் காசிமேட்டுக்குப் போ. கல்யாணப் பத்திரிகையோடு போ. ஷீபா வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போ, யார் குமார் என்று அவள் கேட்டதற்கு அங்கேதான் பதில் இருக்கிறது. முன்பெஞ்சில், மாப்பிள்ளை வீட்டார் பக்கம், என் அருகில் தேவகிக்கு ஓர் இடம் வைத்திருப்பேன். ஜெயசீலன் உன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நடுவழியில் எங்கள் இருவரையும் பார்த்தபடி நடந்து வரட்டும். அந்த வழி நீளம். சமாதான நேரத்தில் அவர் தேவகியிடம் வந்து கைகூப்பட்டும். அவள் திருப்பிக் கூப்பினால் நானும் கூப்புவேன், முழு மனசோடு, கோயிலே பார்க்க. அவள் கைகள் எழாவிட்டால் என் கைகளும் எழாது. அவள் வரவே மாட்டேன் என்றால் அந்த இடம் காலியாக இருக்கும். அதில் யாரையும் உட்கார விடமாட்டேன்.

விடியலில் போகாதே, ஏலம் நடக்கும், அவளுக்கு நேரம் இருக்காது. வெயில் ஏறிய பிறகு போ. கூட்டம் கலைந்து கத்தியைக் கழுவிக்கொண்டிருப்பாள். உன்னை அடையாளம் தெரியாது. பத்திரிகையை நீட்டாதே. முதலில் அப்பா பெயரைச் சொல், நான் அவர் மகன் என்று சொல். அவள் திட்டுவாள். முழுக்கத் திட்டி முடிக்கட்டும், நடுவில் பேசாதே. முடித்ததும், "குமாரு எங்கியும் போகல, அனுப்புனாங்க" என்று சொல். யார் அனுப்பினார் என்று கேட்பாள். அப்போது உன் மனைவியின் மாமன் பெயரைச் சொல்.

அம்மா